பழைய ஆர்சி பக்கி: அப்படியே வைப்பதா, ஓட்டுவதா, புதிய கிட் வாங்குவதா?

பழைய ஆர்சி பக்கி, அதாவது மண்ணிலும் மணலிலும் ஓடும் ரிமோட் பொம்மைக் கார், அதன் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி "இதைச் சரி பண்ண எவ்வளவு ஆகும்?" என்று கேட்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கத்தைத்தான் படம் எடுத்து அனுப்புகிறார்கள். பாடி, ஸ்டிக்கர், கொஞ்சம் தூசி. எனக்கு வேண்டியது அடிப்பக்கம். பாடியை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். சேசிஸ் என்னும் அடிச்சட்டம், கியர்பாக்ஸ், முன்சக்கரத்தைத் தாங்கும் கைகள், மோட்டார் நான்கும் தெரிந்தால் வண்டியின் பெயர் தெரிந்துவிடும். பெயர் தெரிந்துவிட்டால் காசு போடலாமா வேண்டாமா என்பதில் பாதி முடிந்த மாதிரி.

குமரி மாவட்டத்தில் நான் பார்த்த பழைய வண்டிகள் பெரும்பாலும் எண்பதுகளில் குவைத், பஹ்ரைன், சவுதி என்று வேலைக்குப் போனவர்கள் லீவுக்கு வரும்போது பெட்டியில் கொண்டுவந்தவை. பையன்கள் கொஞ்ச நாள் ஓட்டுவார்கள், பேட்டரி செத்துப்போகும், மாற்று பேட்டரி உள்ளூரில் கிடைக்காது, வண்டி மச்சுக்குப் போய்விடும். வீட்டை இடித்துக் கட்டும்போதுதான் மறுபடி கீழே இறங்குகிறது. அந்தப் பெட்டிகளில் டாமியா கம்பெனி வண்டியும் வந்தது, நிக்கோ, தையோ கம்பெனி வண்டிகளும் வந்தன. இந்த வேறுபாட்டைத்தான் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

நிக்கோ, தையோ ரகம் கடையில் வாங்கி அப்படியே ஓட்டும் விளையாட்டுப் பொருள். உள்ளே திறந்தால் ஒரே சர்க்யூட் போர்டுதான் இருக்கும். ரிசீவரும் வேகக் கட்டுப்பாடும் ஸ்டீயரிங்கும் அதிலேயே அடங்கிவிடும். டாமியா, கியோஷோ, அசோசியேட்டட் ரகம் பாகம் பாகமாகப் பூட்டும் கிட். ரிசீவர் தனிப் பெட்டி, அதிலிருந்து மூன்று வயரோடு சர்வோ (ஸ்டீயரிங் போன்றவற்றை அசைக்கும் குட்டி மோட்டார் பெட்டி), எல்லாவற்றையும் ஸ்க்ரூ கழற்றிப் பிரிக்கலாம். முதல் ரகத்தில் போர்டு போனால் அதே வண்டி இன்னொன்று கிடைத்தால்தான் உண்டு. இரண்டாவது ரகத்தில் எது போனாலும் அது ஒன்றை மட்டும் மாற்றலாம். அதனால் உங்கள் கையில் இருப்பது நிக்கோ ரகம் என்றால், தூசி தட்டி, பேட்டரி பெட்டியில் பச்சை பிடித்த தகட்டை வினிகர் தொட்டுத் துடைத்து, ஓடினால் ஓட்டுங்கள். ஓடாவிட்டால் அலமாரியில் வையுங்கள். அதற்கு மேல் செலவு வேண்டாம் என்பது என் கட்சி. இனி எழுதுவது கிட் ரகத்துக்கு.

பெயர் கண்டுபிடிக்க ஸ்கேல் ஒன்று போதும். மோட்டாரின் குறுக்களவு 36 மில்லிமீட்டர் இருந்தால் 540 ரகம், 28 பக்கம் இருந்தால் 380. ஒரே மாதிரித் தொட்டி சேசிஸில் டாமியா 1984-ல் இரண்டு பக்கிகள் விட்டது. கிராஸ்ஹாப்பருக்கு 380 மோட்டார், கெட்டியான வெள்ளை பிளாஸ்டிக் பாடி. ஹார்னெட்டுக்கு 540 மோட்டார், பின்னால் எண்ணெய் ஷாக் (குலுக்கலைத் தாங்கும் அமைப்பு), உள்பக்கம் பெயின்ட் அடித்த மெல்லிய பாலிகார்பனேட் பாடி. பாடியை நகத்தால் தட்டினாலே எது எது என்று தெரிந்துவிடும். நான்கு சக்கர இழுவையும், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று ஒற்றை ஷாக்கும் இருந்தால் 1985-ன் ஹாட்ஷாட். உள்ளே சைக்கிள் போலச் செயின் ஓடினால் கியோஷோவின் ஆப்டிமா, அதுவும் 1985. பொன்னிற அலுமினியத் தொட்டி என்றால் 1984-ல் வந்த அசோசியேட்டட் ஆர்சி10. பீட்டில் கார் பாடியும், உலோகத்தில் வார்த்த முன் கைகளும், ஃபைபர் தகட்டின் மேல் ஒளிபுகும் பெட்டிக்குள் அடைத்த ரேடியோவும் இருந்தால் கையை எடுங்கள். அது 1979-ன் சாண்ட் ஸ்கார்ச்சராக இருக்கலாம். ஒரு ஸ்க்ரூ கழற்றும் முன்னே யோசிக்க வேண்டிய வண்டி அது.

இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. இந்த வண்டிகளில் பலவற்றை கம்பெனிகளே மறுபடி விட்டிருக்கின்றன. ஹார்னெட் 2004-ல், கிராஸ்ஹாப்பரும் ஃபிராகும் 2005-ல், ஹாட்ஷாட் 2007-ல், பூமராங் 2008-ல், சாண்ட் ஸ்கார்ச்சர் 2010-ல், ஆர்சி10 2013-ல், கியோஷோ ஸ்கார்ப்பியன் 2014-ல், ஆப்டிமா 2016-ல் திரும்ப வந்தன. பிளாஸ்டிக்கில் வார்த்திருக்கும் ஆண்டை நம்பிப் பயனில்லை. அது அச்சு வெட்டிய ஆண்டு. அதே அச்சில் இருபது வருடம் கழித்தும் வார்க்கலாம். நான் முதலில் பார்ப்பது வேகக் கட்டுப்பாட்டை. பழைய வண்டியில் ஒரு சர்வோ கை, செம்புத் தகடுகளின் மேல் உரசிக்கொண்டு நகரும். பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் ரெசிஸ்டர், ஓட்டி முடித்துத் தொட்டால் விரல் சுடும். மறுவெளியீடுகளில் பெரும்பாலும் அந்த இடத்தில் ஈஎஸ்சி என்னும் மின்னணு வேகக் கட்டுப்பாடு வந்துவிட்டது. அப்புறம் ரிமோட். 27 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலும், இழுத்தால் நீளும் ஆன்டெனாவும் கூடவே கிடைத்தால் பழையது என்று ஏறக்குறைய உறுதி. கொண்டுவந்தவர் எந்த வருடம் ஊருக்குத் திரும்பினார் என்று வீட்டில் கேட்டுவிடுங்கள். பாஸ்போர்ட் முத்திரையைப் போல நம்பகமான சான்று வேறு கிடையாது.

சரி, பெயர் தெரிந்துவிட்டது. உடனே பேட்டரி மாட்டிப் பார்க்காதீர்கள். மச்சில் கிடந்த வண்டிக்கு நம் ஊரில் நடப்பது வெளியூர் வீடியோக்களில் காட்டுவதை விட மோசம். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் என்றால் உப்புக் காற்று. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்து ஈரம். வருடத்தில் இரண்டு மழைக்காலம். செம்புத் தகடுகள் பச்சையாகும், மோட்டார் உறை துருவேறும், ஸ்க்ரூ தலை பொடியாகும். நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்திருந்தால் வயருக்குள்ளேயே அரிப்பு ஓடியிருக்கும்; வெளியே சிவப்பு உறை பளபளப்பாக இருக்கும், சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்திருக்கும். அந்த வயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டித் தள்ள வேண்டியதுதான்.

கடற்கரையில் ஓட்டிய வண்டி என்றால் மோட்டாரைக் கழற்றி ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். மணவாளக்குறிச்சி கரையில் ஐஆர்இஎல் என்ற அரசு ஆலை கருமணலிலிருந்து இல்மனைட் என்ற தாதுவைக் காந்தத்தால்தான் பிரித்தெடுக்கிறது. அதே வேலையை 540 மோட்டாரும் செய்யும். உறையில் காற்றுத் துளைகள், உள்ளே நிரந்தரக் காந்தம்; கரும்பொடி உள்ளே போய் ஒட்டிக்கொண்டால் ஊதினாலும் வராது. கூட வரும் கார்னெட் உப்புத்தாள் செய்யப் பயன்படும் அளவுக்குக் கடினமான மணல். கிரீஸில் கலந்துவிட்டால் கியர் பற்களை அரைத்துவிடும். தட்டியதும் தாளில் கறுப்பாகக் கொட்டினால் மோட்டாரையும் கியரையும் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரூ விஷயமும் ஒன்று. ஜப்பான் வண்டிகளில் இருப்பது ஜேஐஎஸ் என்ற ஜப்பான் தரத்தில் வரும் பிளஸ் தலை. நாம் வீட்டில் வைத்திருக்கும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் பார்க்கப் பொருந்தும், திருகினால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜப்பான் பைக் கார்புரேட்டரில் ஸ்க்ரூ தலை போவதும் இதே காரணத்தால்தான். ஜேஐஎஸ் டிரைவர் ஒன்று வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். துருப்பிடித்ததற்கு முந்தின நாளே துரு எண்ணெய் விட்டு வையுங்கள்.

இனி முடிவுக்கு வருவோம். வழிகள் மூன்று, விற்பதையும் சேர்த்தால் நான்கு.

முதல் வழி, பழையதைப் பழையதாகவே துலக்கி அலமாரியில் வைப்பது. இதில் ஆசை அதிகம், அடக்கம் குறைவு என்றால் வண்டி கெட்டுவிடும். பெயின்ட் போன பாடியை மறுபடி அடிப்பது, ஸ்டிக்கரை உரித்துப் புதிதாக ஒட்டுவது, எல்லா ஸ்க்ரூவையும் ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றுவது, மூன்றும் செய்தால் பழைய வண்டி போய்விடும். பாலிகார்பனேட் பாடியைத் தின்னரால் துடைத்தால் வெடிப்பு விடும். கெட்டியான ஏபிஎஸ் பிளாஸ்டிக் பாடியில் மேலே யாரோ பூசிய பெயின்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து எடுக்கலாம். மறைவான ஓர் ஓரத்தில் முதலில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள். மஞ்சளடித்த வெள்ளைப் பாகத்தை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் வெளுக்கும். நம் ஊர் வெயிலுக்கு அதிக நேரம் வேண்டாம், இடையிடையே பாருங்கள். டயரின் மேல் எடை நிற்காதபடி அடியில் கட்டை கொடுத்து, மூடிய கண்ணாடிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்க வேண்டும். கடலோர வீட்டில் திறந்த ஷோகேஸில் வைத்தால் துலக்கியது வீண்.

செலவு குறைவு என்று தோன்றும். ஆனால் ஒரு பாகம் உடைந்திருந்து, அந்தக் காலத்து அசல்தான் வேண்டும் என்று இறங்கினால் கணக்கே வேறு. சேகரிப்பவர்கள் உலகம் முழுக்க அதே பாகத்தைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள். சாண்ட் ஸ்கார்ச்சர், அதோடு வந்த ரஃப் ரைடர், பெட்டியும் வழிகாட்டிப் புத்தகமும் பத்திரமாக இருக்கும் எந்த வண்டியும் இந்த வழிக்குத் தகுந்தவை.

இரண்டாவது வழி ஓட்டுவதற்காகச் சரிசெய்வது. நான் பெரும்பாலும் சொல்வது இதைத்தான், ஒரு நிபந்தனையோடு: செய்ததை எல்லாம் திரும்பப் பழையபடி ஆக்க முடிய வேண்டும். செம்புத் தகடு, ரெசிஸ்டர், பழைய ரிசீவர், கிறிஸ்டல் எல்லாவற்றையும் வெட்டாமல் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். அந்த இடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, ஒரு சாதாரண சர்வோ, ஹாபிவிங் 1060 போன்ற பிரஷ் மோட்டார் ஈஎஸ்சி. பழைய சர்வோவையே புதிய ரிசீவரில் சொருகிச் செலவை மிச்சப்படுத்தலாம் என்று தோன்றும். எண்பதுகளில் கம்பெனிக்குக் கம்பெனி வயர் வரிசை வேறு. சிலவற்றில் பிளஸ் மைனஸ் இடம் மாறியிருக்கும். புகை வந்தபிறகு தெரிந்து என்ன பயன்?

பேட்டரிக்கு 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போதும். லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) வேண்டும் என்றால் ஈஎஸ்சியில் அதற்கான ஜம்பரை, அதாவது பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் சின்னச் சொருகியை, மாற்றி வையுங்கள். பழைய செம்புத் தகட்டுக் கட்டுப்பாட்டோடு லிப்போ மாட்டவே கூடாது. வோல்டேஜ் இறங்கும்போது நிறுத்த அதில் ஏற்பாடு இல்லை, பேட்டரி செத்துப்போகும். மூலை கூர்மையான ஹார்ட்கேஸ் லிப்போ பல பழைய சேசிஸில் நுழையாது. அதற்காகச் சேசிஸை அறுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் பேசிப் பயனில்லை.

பேரிங் மாற்றுவது இந்த வழியில் மிக லாபமான வேலை. பழைய கிட்டில் சக்கரம் சுற்றுவது பிளாஸ்டிக் அல்லது பித்தளை நிற புஷ்ஷில். டாமியா பக்கிகளில் பெரும்பாலும் உள்துளை 5, வெளிவட்டம் 11, தடிமன் 4 மில்லிமீட்டர் உள்ள பேரிங்தான், 1150 என்று கேட்டால் கிடைக்கும். மாற்றியபின் சக்கரத்தைச் சுண்டிவிட்டுப் பாருங்கள். முன்பு அரைச் சுற்றில் நின்றது இப்போது நிற்க மனமில்லாமல் சுற்றும். காய்ந்து விறைத்த நைலான் கைகளைக் கொதிநீரில் கொஞ்ச நேரம் போட்டெடுத்தால், நைலான் ஈரத்தை உறிஞ்சி மறுபடி வளைந்துகொடுக்கும். ஏபிஎஸ் பாகத்தை அப்படிப் போட்டுவிடாதீர்கள், கோணிக்கொள்ளும்.

சேசிஸ் விரிசலுக்கு நம் ஊரில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது வள்ளத்துக்கு ஃபைபர் ஒட்டும் கடை. கைவசம் ஆள் உண்டு, ரெசின் உண்டு, அரை மணி நேர வேலை. ஆனால் அங்கே பொதுவாக இருப்பது பாலியெஸ்டர் ரெசின். அதிலுள்ள ஸ்டைரீன் ஏபிஎஸ்ஸைக் கரைக்கும். காய்ந்ததும் கெட்டியாகத்தான் இருக்கும்; அடியில் பிளாஸ்டிக் இளகிப்போயிருக்கும். ஃபைபர் பாயை மட்டும் வாங்கிக்கொண்டு எப்பாக்சியால் உள்பக்கம் ஒட்டுங்கள். சின்ன விரிசல் என்றால் அதே நிற ஏபிஎஸ் துண்டுகளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கித் தடவினாலே போதும்.

மூன்றாவது வழி மறுவெளியீட்டு கிட் ஒன்றை வாங்குவது. வாங்கி அதைத் தனி வண்டியாகவே ஓட்டலாம், அல்லது அதிலிருந்து பாகம் எடுத்துப் பழையதை நிறைக்கலாம். டாமியாவின் புது கிட்டில் பொதுவாக மோட்டார் வரும். ரேடியோ, சர்வோ, பேட்டரி, சார்ஜர், பெயின்ட் வராது. கிட் விலையை மட்டும் பார்த்து மகிழ்ந்தவர்கள் இந்த இடத்தில்தான் மறுபடி பர்ஸைத் திறக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதும் முன்போல இல்லை. பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-ல் 70 ஆனது. 2021 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். கல்ஃபிலிருந்து வரும் சொந்தக்காரர் பெட்டியில் கொண்டுவருவது இன்றைக்கும் நடக்கும் வழி. அப்போதும் சுங்க விதியைக் கேட்டுக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். லிப்போ பேட்டரியைச் செக்இன் பெட்டியில் போட்டுவிட வேண்டாம். உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும். திருவனந்தபுரத்தில் இறங்கியதும் பேட்டரி இல்லாத பெட்டியைக் கையில் கொடுத்தால் யாருக்கும் சந்தோஷம் இருக்காது.

விற்பதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நம் நாட்டில் வாங்குபவர்கள் குறைவு. வெளியே வாங்குபவர்கள் கேட்பது பெட்டி, புத்தகம், யாரும் கை வைக்காத ஸ்டிக்கர். விற்கப்போகிறீர்கள் என்றால் துலக்கவே வேண்டாம். தூசி தட்டிப் படமெடுங்கள்.

இந்த ஒப்பீட்டை ஒரு வண்டியில் பொருத்திப் பார்த்தால் தெளிவாகும். தக்கலையில் அத்தான் வீட்டில் இருப்பது ஹார்னெட். அவருடைய அண்ணன் குவைத்திலிருந்து கொண்டுவந்தது, செம்புத் தகட்டுக் கட்டுப்பாடு, 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட், ஆகவே மறுவெளியீடு இல்லை. பாடி இரண்டாகக் கிழிந்திருக்கிறது, மோட்டார் இறுகிவிட்டது, பின் டயர் முட்கள் கல்லாகிவிட்டன. சேசிஸும் கியரும் நன்றாக இருக்கின்றன. வாங்க வேண்டியவற்றின் பட்டியலைச் சொன்னதும் அத்தான் கேட்டார்: "மக்கா, புதுசு வாங்குத காசுல பாதி ஆவும்னு சொல்லுத. அப்பொ புதுசே வாங்கிரலாமே?"

கேள்வி நியாயமானது. பையனுக்கு ஓட்ட ஒரு வண்டி வேண்டும், அவ்வளவுதான் என்றால் புது கிட்தான் சரி. பழையதன் மேல் காசு போடுவதற்கு அண்ணன் கொண்டுவந்தது என்ற ஒரே காரணம்தான் உண்டு. அத்தானுக்கு அந்தக் காரணம் இருந்தது. "அண்ணன் வண்டி கெடந்து போவக்கூடாது" என்றார். அதனால் இரண்டாவது வழியையே எடுத்தோம், மூன்றாவதிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கிக்கொண்டு. முழு கிட் வேண்டாம். மறுவெளியீட்டுப் பாடி, பின் டயர்கள், ஒரு 540 மோட்டார் மட்டும். கிழிந்த பாடியைத் தூக்கிப் போடவில்லை, ஸ்டிக்கரோடு அட்டைப்பெட்டியில் இருக்கிறது. அதே வண்டி கிராஸ்ஹாப்பராக இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஹாட்ஷாட்டாகவோ ஆப்டிமாவாகவோ இருந்திருந்தால் கொஞ்சம் தயங்கியிருப்பேன்; நான்கு சக்கர இழுவையில் தேய்ந்த பாகங்களின் எண்ணிக்கை கூடும், அங்கே முழு கிட் வாங்கிப் பாகம் எடுப்பதே சிக்கனமாக முடியலாம்.

ஓட்டும் இடத்தையும் முடிவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சொத்தவிளை, சங்குத்துறை என்று கடற்கரை பக்கத்திலேயே இருப்பதால் எல்லோருக்கும் அங்கே போய்ப் படமெடுக்க ஆசை. பழைய பக்கிக்கு அது ஆகாது. உப்பும் மணலும் ஒரே மாலையில் உங்கள் பேரிங்குகளைக் கொன்றுவிடும். கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து காய்ந்த வயல், கோடையில் நீர் வற்றிய குளத்தின் ஓரம், ரப்பர் தோட்டத்து மண்பாதை, இவை போதும். புது கிட் வாங்கியவர்கள் வேண்டுமானால் கடற்கரைக்குப் போகட்டும், பாகம் கிடைக்கும்.

வாங்கும் பட்டியலை ஒரே தடவையில் போடுங்கள். பாடி, டயர், பேரிங், கியர் கிரீஸ், ஜேஐஎஸ் டிரைவர் எல்லாம் ஒரே கடையில் ஒரே பார்சலாக வரட்டும். பேரிங் செட்டைத் தனியாக வரவழைத்தால் அனுப்பும் செலவு பேரிங் விலையைத் தாண்டிவிடும். மோட்டார் ஷாஃப்டில் மாட்டும் பினியன் கியர் பழைய மோட்டாரிலிருந்து கழன்று வருமா என்று ஆர்டர் போடும் முன் பார்த்துவிடுங்கள். துருவில் இறுகியிருந்தால் அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும்.